அந்தக் கண்ணீர் என்னுது இல்ல

என்னம்மா, என் தலையத்தானே பாக்கே? நல்லாப் பாரு. ஜன்னல் பக்கம் திரும்புத மாதிரி திரும்பி ஓரக்கண்ணால பாக்க வேண்டாம், கழுத்து சுளுக்கிரும். மொட்டைதான். காலையில ஆறரைக்குத் திருச்செந்தூர்ல போட்டது. சந்தனம் இன்னும் காயல. சாஞ்சு உக்காந்தா சீட்டுல ஒட்டிருது, அதான் போட்டோவுக்கு உக்காந்த மாதிரி வெறப்பா உக்காந்திருக்கேன்.

நீயும் பாளையங்கோட்டைக்கா? நல்லது. ஒரு மணி நேரம் இருக்கு. பேச்சுத் துணைக்கு ஆச்சு.

மொட்டைனா பிள்ளைக்கு நோவு, வீட்டுக்காரருக்கு ஆப்பரேசன், இப்படித்தான் நெனைப்பாவ. இது கேஸுக்குப் போட்ட மொட்டை. பன்னெண்டு மணிக்குக் கன்ஸ்யூமர் கோர்ட்டுல எனக்கு வாய்தா. உலகம்மாள்னு பேரு சொல்லிக் கூப்பிடுவாவ. பார்லர்க்காரி மேலயும் கிரீம் கம்பெனிக்காரன் மேலயும் நான் கேஸு போட்டிருக்கேன். என்ன கேஸா? முடி கேஸு. என் முடிய நேராக்குதேன்னு கெடுத்துப்புட்டாவ. என் முடி மட்டும் இல்ல, எம்மவன் கல்யாணத்தையே கெடுத்துப்புட்டாவ.

மொதல்ல இருந்து சொல்லுதேன், அப்பந்தான் வெளங்கும்.

எனக்கு ஒரே மவன், நம்பி. கொச்சியில வேலை. போன ஆனி மாசம் கோவில்பட்டியில பொண்ணு பாக்கப் போனோம். பொண்ணு பேரு செண்பகா. நல்ல பிள்ளை. படிப்பு, குணமெல்லாம் இருக்கட்டும், அந்த வீட்டுப் பொம்பளையளோட முடியப் பாக்கணுமே! ஒவ்வொருத்திக்கும் ரூல் போட்ட நோட்டு மாதிரி நேரா, இடுப்பு வரைக்கும். என் தலை அப்பம் சுருட்டை. சாதாச் சுருட்டை இல்ல, உள்ள போன சீப்பு வெளிய வராது. அங்கன ஒரு அஞ்சு வயசுப் பிள்ளை என்னையே பாத்துக்கிட்டு நின்னுச்சு. எல்லாரும் பேச்ச நிறுத்தி காப்பி குடிக்கிற நேரம் பாத்துச் சத்தமாக் கேட்டுச்சு: "இந்த ஆச்சிக்குக் கரண்டு அடிச்சிருச்சா?"

எல்லாரும் சிரிச்சாவ. எங்க வீட்டுக்காரவியளும் சிரிச்சாவ. முப்பது வருசமா இந்தத் தலையோட குடும்பம் நடத்துன மனுசன்! அன்னைக்கே முடிவு பண்ணிட்டேன். நிச்சயதாம்பூலத்துக்கு நான் நேரான தலையோடதான் வருவேன்னு.

வண்ணாரப்பேட்டையில ஒரு பார்லர். பேரு சொல்ல மாட்டேன், வெளிய பேரு சொல்லக் கூடாதுன்னு வக்கீல் தம்பி ஜெயசிங் சொல்லிருக்காரு. நிச்சயத்துக்கு முந்துன நாளு போனேன். ரோஸ்லின்னு ஒரு பிள்ளை, இருபத்திமூணு வயசு இருக்கும், வாயில துண்டக் கட்டிக்கிட்டு ஒரு கிரீம எடுத்துப் பூசுனா. டப்பாவுல பச்சை எழுத்துல மூலிகைனு போட்டிருந்துச்சு. மூலிகையாம்! மீனு கெடாம இருக்க ஊத்துவானுவளே, பார்மலின், அந்த வாடை. பொறவு சூடான இடுக்கி ஒண்ண வச்சு முடிய இழுத்தா பாரு, குபுகுபுன்னு புகை. ஏசி போட்டு கதவெல்லாம் வேற அடைச்சு வச்சிருக்கு. என் கண்ணுல தண்ணி நிக்கல. மண்டையில மூணு எடத்துல சுருக்குன்னு சுட்டுச்சு. "ஏட்டி, சுடுது"ங்கேன், அவ இருமுதா. "கொஞ்சம் பொறுங்க ஆன்ட்டி"ங்கா, திரும்பவும் இருமுதா. எனக்கா எரிச்சலு. சுடுதது எனக்கு, இருமுதது அவளா? "ஒனக்கென்ன சளியா"ன்னேன். "இல்ல ஆன்ட்டி, இந்தப் புகைக்கு ரெண்டு வருசமா இப்படித்தான். ஒரு நாளைக்கு நாலு தலை"ன்னா. சரி, வேலைனா அப்படித்தான் இருக்கும்னு விட்டுட்டேன்.

முடிச்சிட்டுக் கண்ணாடியக் காட்டுனா. யாத்தாடி! யாரோ ஒருத்தி தலை என் கழுத்து மேல இருக்கு. நேரா, பளபளன்னு. பொய் சொல்லக் கூடாது, அந்த நிமிசம் சந்தோசமாத்தான் இருந்துச்சு.

பொறவுதான் அந்தப் பார்லர நடத்துதவ வந்து சட்டம் போடுதா. மூணு நாளைக்குத் தலையில தண்ணி படக் கூடாது. முடியக் கட்டக் கூடாது, பின்னக் கூடாது. ஸ்லைடு குத்தக் கூடாது, பூ வைக்கக் கூடாது. காதுக்குப் பின்னால ஒதுக்கக் கூடாது. மடங்கிச்சுன்னா மடங்குன மாதிரியே நின்னுருமாம். ஏளா, இத மொதல்லயே சொல்லக் கூடாதா? நாளைக்கு நிச்சயதாம்பூலம், நான் மாப்பிள்ளையோட அம்மா!

அன்னைக்கு ராத்திரி பூரா உக்காந்துக்கிட்டே தூங்குனேன். மறுநா வேன்ல போறோம். காத்து அடிச்சு முடி வளைஞ்சிரும்னு எல்லா ஜன்னலையும் சாத்தச் சொல்லிட்டேன். என் தலையில இருந்து வந்த வாடையில கயத்தாறு தாண்டுததுக்குள்ள வேன்ல பதினாலு பேரும் தும்முதாவ. டிரைவரு வண்டிய ஓரங்கட்டிட்டு எறங்கி நின்னுக்கிட்டான். எங்க வீட்டுக்காரவிய சொல்லுதாவ, "உலகு, ஒன் தலைய மட்டும் வேனுக்கு மேல வச்சிட்டு வர முடியுமா?"ன்னு. கேலி! அந்த நேரத்துல கேலி!

மண்டபத்துக்குப் போயி எறங்கியாச்சு. நான் எப்படி இருக்கேன்னு நெனைச்சுப் பாரு. பட்டுச்சேலை, கழுத்து நிறைய நகை, தலைய விரிச்சுப் போட்டிருக்கேன், கண்ணு ரெண்டும் செவந்து பொலபொலன்னு தண்ணி. நல்ல காரியத்துக்கு வந்தவ மாதிரியா இருக்கும்? எழவு வீட்டுத் துட்டிக்கு வந்தவ மாதிரில்லா இருக்கும்!

வாசல்ல ரெண்டு கொமரிப் பிள்ளையள் பன்னீர்ச் செம்போட நிக்கி. ஒருத்தி என் தலைக்கு நேரா செம்பத் தூக்குனா. "தெளிக்காத!"ன்னு போட்டேன் பாரு ஒரு சத்தம், மேளக்காரன் வாசிக்கதயே நிறுத்திட்டான். அதுக்குள்ள அவ கை ஆட்டிருச்சு. நான் என்ன செய்ய? கையில இருந்த தாம்பூலத் தட்ட எடுத்துத் தலைக்கு மேல கவுத்துக்கிட்டேன். வெத்தலை, பாக்கு, மஞ்சள், பழம் எல்லாம் வாசல்ல கொட்டிருச்சு. தேங்காய் மட்டும் உருண்டு போயி பொண்ணோட அப்பா கால்ல நின்னுச்சு.

சிரிக்காதம்மா. சரி, சிரி. இப்பச் சொல்லும்போது எனக்கே சிரிப்பு வருது.

அதக்கூடப் பொறுத்துக்கிட்டாவ. பொறவு நடந்ததுதான் பெருசு. செண்பகாவோட அம்மா ஆவுடைத்தங்கம், எனக்கு மதினி மொறை. கை நிறைய பிச்சிப்பூவோட வந்தாவ. நெருக்கமாக் கட்டுன பூ. அவியளே கட்டுனதாம், காலையில எந்திரிச்சு. வாயில ஸ்லைடக் கடிச்சுக்கிட்டு, "திரும்புங்க மதினி, வச்சு விடுதேன்"னாவ. நான் ஒரு எட்டுப் பின்னால போயி, "எனக்கு வேண்டாம், தொடாதிய!"ன்னுட்டேன்.

நூறு பேரு முன்னால. தாலி கழுத்துல கெடக்குத ஒருத்தி, சம்பந்தியம்மா குடுத்த பூவ வேண்டாம்னு சொல்லிட்டா.

மதினி மொகம் அப்படியே சுருங்கிப் போச்சு. வாயில இருந்த ஸ்லைடு கீழ விழுந்துச்சு, அத எடுக்கக்கூட இல்ல. பூவத் தட்டுல வச்சிட்டு உள்ள போயிட்டாவ.

பொறவு நிச்சய ஓலை வாசிச்சாவ. வாசிக்க வாசிக்க நான் அழுதுக்கிட்டே இருக்கேன். நானா அழுதேன்? அந்தக் கிரீமு அழுதுச்சு. ஆனா பாக்குதவியளுக்குத் தெரியுமா? பொண்ணோட அப்பா எந்திரிச்சு, "சம்பந்தியம்மாவுக்கு இஷ்டம் இல்லன்னா இப்பமே சொல்லிரலாம். எங்க பிள்ளை போற எடத்துல கண்ணீரு வேண்டாம். கல்யாணத் தேதிய பொறவு பாத்துக்கிடுவோம்"ன்னுட்டாவ. ஏழு மாசம் ஆச்சு. இன்னும் பொறவு பாத்துக்கிட்டுத்தான் இருக்காவ.

எங்க வீட்டுக்காரவிய பொண்ணு வீட்டுக்குப் போன் போட்டு வெவரம் சொன்னாவ. "முடிய நேராக்குனா கண்ணு எதுக்கு அழுது?"ன்னு கேட்டுட்டு வச்சிட்டாவளாம். நம்புவாவளா? நானே நம்ப மாட்டேன்.

என்ன கேக்கே? நேர்ல போயி மதினிக்கிட்டச் சொல்லிருக்கலாம்லா, அதத்தானே? நம்பியும் இதத்தான் சொன்னான். "எம்மா, ஒரு பஸ்ஸு ஏறிப் போயி மன்னிச்சிருங்கன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டு வா"ன்னான். நல்லாருக்கே! மாப்பிள்ளையோட அம்மா பொண்ணு வீட்டு வாசல்ல போயி நிப்பாளா? அதுவும் தப்பு எம்மேல இல்லாதப்ப? கோர்ட்டு ஆர்டரக் கையில வச்சுக்கிட்டுப் போனா அது வேற. கவர்மெண்டு முத்திரையோட, 'இந்த அம்மாள் அழுதது அழுகை இல்லை'ன்னு எழுதிருந்தா, யாரும் மறு பேச்சு பேச முடியாதுல்லா?

அதத்தான் வக்கீல் தம்பிக்கிட்டச் சொன்னேன். அவரு நஷ்டஈடு எவ்வளவு கேக்கணும்னு கேட்டாரு. "தம்பி, அந்தக் கண்ணீர் என்னுது இல்லன்னு எழுதித் தரச் சொல்லுங்க, அது போதும்"னேன். பேனாவ மூடி வச்சிட்டாரு. சட்டத்துல அப்படி ஒண்ணு கெடையாதாம். "பொறவு என்ன சட்டம்?"னு கேட்டேன்.

அவரு நல்ல பையன்தான், ஆனா பயங்காட்டுவாரு. வெளிநாட்டுல ஆயிரக்கணக்கான பொம்பளையள் இந்த மாதிரி கிரீமுக்காரங்க மேல கேஸு போட்டிருக்காவளாம். மூச்சு, கர்ப்பப்பை அப்படி இப்படின்னு என்னமோ சொன்னாரு. "எனக்குக் கர்ப்பப்பைய எடுத்தே ஒம்பது வருசம் ஆச்சு தம்பி, அந்த வகையில நான் தப்பிச்சேன்"னேன். அவரு சிரிக்கல. "ஒங்கள விட அந்த ரோஸ்லின் பிள்ளைய நெனைச்சாத்தான் எனக்குப் பயமா இருக்கும்மா. அது வந்து சாட்சி சொல்லுதேன்னு சொல்லிருக்கு. அதுக்கே தனியா ஒரு கேஸு போடலாம்"னாரு. அவளுக்கு என்ன கேஸு? அவ முடி நேராத்தானே இருக்கு, அவ ஒரு நாளும் பூசிக்கிடலையே! படிச்சவங்களுக்குச் சில விசயம் வெளங்காது.

போன வாய்தாவுல கிரீம் கம்பெனி வக்கீலு எந்திரிச்சு, "இந்த அம்மா முடி கெட்டது வயசுனால"ன்னாரு. எனக்குப் பொறுக்கல. "வயசு எனக்கு மட்டுமா வந்துச்சு? ஒங்க நெத்தி பிடரி வரைக்கும் போயிருக்கு, நீங்க எந்தக் கிரீமு பூசுனிய?"ன்னு கேட்டேன். நீதிபதி அம்மா பைலுக்குள்ள மொகத்த வச்சுக்கிட்டுச் சிரிச்சாவ. பொறவு ஆர்டர் போட்டாவ. அடுத்த வாய்தாவுக்கு நான் நேர்ல வரணும், பெரியாஸ்பத்திரி தோல் டாக்டரு ஒருத்தரு என் முடியப் பாத்து ரிப்போர்ட்டு குடுக்கணும்னு.

அந்த வாய்தாதான் இன்னைக்கு.

வக்கீல் தம்பி தலையில அடிச்சுச் சொல்லிவிட்டாரு. "எம்மா, வெட்டிராதிய, சாயம் போட்றாதிய, எண்ணெய்கூட வேண்டாம். அப்படியே வாங்க. அந்த முடிதான் நமக்குச் சாட்சி"ன்னு. சாட்சினா சாதாச் சாட்சியா! வேர்ப்பக்கம் பழைய சுருட்டை, நடுவுல நேரு, நுனியில வெளக்குமாறு. பாத்தவன் எவனும் ஒத்துக்கிடணும். கோட்டிக்காரி மாதிரி அதத் தூக்கிக்கிட்டு ஏழு மாசம் திரிஞ்சிருக்கேன்.

ஆனா பாரு, மனசு கேக்கல. எதிர்க்கட்சி வக்கீலு பெரிய ஆளு. அதனால முருகன்கிட்ட வேண்டிக்கிட்டேன், கேஸு ஜெயிச்சா ஒனக்கு மொட்டை போடுதேன்னு. பொறவு யோசிச்சேன். ஜெயிச்ச பொறவு போடுததுக்கு எல்லாருந்தான் வருவாவ. மொதல்லயே போட்டுட்டா? முருகனுக்கு வேற வழி இருக்காதுல்லா, ஜெயிக்க வச்சுத்தானே ஆகணும்? இன்னைக்குக் கிருத்திகை வேற. வீட்டுல சொன்னா விட மாட்டாவ, அதனால கோயிலுக்குப் போயிட்டு நேரா கோர்ட்டுக்கு வந்திருதேன்னு மட்டும் சொல்லிட்டு மொத பஸ்ஸுல வந்துட்டேன்.

மொட்டை போட்ட அண்ணாச்சி ரொம்பப் பேச்சு. "என்ன முடி எக்கா இது, கத்தி சறுக்குது"ங்காரு. "மண்டையில மூணு எடத்துல வெள்ளையாத் தழும்பு இருக்கே, வெந்நிய ஊத்துனியளா?"ங்காரு. "ஒம்ம வேலையப் பாரும்"னுட்டேன். மொட்டை போட்டு, கடல்ல முங்கி, நாழிக்கெணத்துல குளிச்சு, முருகனப் பாத்துக் கேட்டுட்டேன். "அப்பனே, நான் தர வேண்டியதத் தந்தாச்சு. டாக்டரு என் முடியப் பாத்து நல்லபடியா எழுதணும்"னு...

என்னம்மா? ஏன் அப்படி முழிக்கே? என்ன சொல்லுத?

எந்த முடியவா?

...

இரு. பேசாத. ஒரு நிமிசம் பேசாத.

ஐயோ.

ஐயோ முருகா. ஏழு மாசம் காத்து வச்சிருந்த சாட்சிய நானே கொண்டு போயி... அங்கன மலை மாதிரி குமிச்சுப் போட்டிருக்கானுவளே, அதுல எது என்னுதுன்னு எங்கன போயித் தேட? அந்த வக்கீல் பையன் என்னப் பாத்தா மயக்கம் போட்டு விழுவானே! கண்டக்டரே! இந்த வண்டி திரும்பிப் போகுமா? ஒண்ணுமில்லய்யா, கோவப்படாதீரும், சும்மாதான் கேட்டேன்.

நீ ஏம்மா இத மொதல்லயே கேக்கல? ஆழ்வார்திருநகரியில ஏறுனவ, செய்துங்கநல்லூர் தாண்டுன பொறவா கேக்கே?

என்ன? தழும்பா? எந்தத் தழும்பு... ஆமா! ஆமால்லா! அந்த அண்ணாச்சி சொன்னாருல்லா, மூணு எடம்னு! முடி இருந்திருந்தா அது எங்கன தெரிஞ்சிருக்கும்? பாத்தியா, முருகன் சும்மா விடல. வக்கீலுக்குத் தெரியாதது அவனுக்குத் தெரிஞ்சிருக்கு. ஏம்மா, நீ கெட்டிக்காரி. ஒங்கிட்டத் தண்ணி இருக்கா? இந்தச் சந்தனத்தக் கொஞ்சம் தொடச்சு விடு. ஊத்து, தாராளமா ஊத்து. இப்பந்தான் தண்ணி படலாமே. தெரியுதா? மூணும் தெரியுதா? எம்புட்டுப் பெருசு? எட்டணா அளவா? நல்லது, நல்லது. பெருசாவே இருக்கட்டும்.

போன் அடிக்கி. நம்பி. லீவு போட்டுட்டுக் கோர்ட்டுக்கு வாரேன்னான். இரு, பேசிருதேன்.

எலே, சொல்லு. வந்துக்கிட்டே இருக்கேன்... யாரு? யாரு வந்திருக்காவ? கோவில்பட்டியில இருந்தா? நீ கூப்பிட்டியா?... செண்பகாவுமா?... குடு. குடு அவியகிட்ட.

மதினி... ம்... நல்லா இருக்கேன் மதினி... எப்ப? ஐயோ... ம்... நெசமாவா? மூணு நாளா?... ம்... ம்... இல்ல மதினி, நான்லா சொல்லணும்... ம்... சரி மதினி. சரி. வச்சிருதேன்.

...

கேட்டியாம்மா. மதினியோட தங்கச்சி மவளுக்குப் போன வாரம் கல்யாணம். முடிய நேராக்கப் பார்லருக்குப் போனாளாம். துணைக்குப் போன மதினி பக்கத்து நாற்காலியில சும்மா உக்காந்திருந்தாவளாம், அவ்வளவுதான். மூணு நாளு கண்ணுல தண்ணி நிக்கலையாம். கல்யாண வீட்டுல எல்லாரும், "என்ன, மாப்பிள்ளையப் பிடிக்கலையா?"ன்னு கேட்டாவளாம். "மதினி, நீங்க அன்னைக்கு என்ன பாடு பட்டிருப்பியன்னு எனக்கு இப்பம் வெளங்கிச்சு. கோர்ட்டுல நானே சாட்சி சொல்லுதேன்"ங்காவ. அவிய அழுதுக்கிட்டே சொல்லுதாவ. போன் வழியா பார்மலின் வராதுல்லா? அது சொந்த அழுகைதான்.

இல்லம்மா, எனக்கு ஒண்ணுமில்ல. கண்ணுதான். இல்ல, தூசி இல்ல. இது என்னுதுதான்.

ஏழு மாசம். ஒரு பஸ்ஸு ஏறிப் போயிச் சொல்லிருந்தா ஏழு நிமிசத்துல முடிஞ்சிருக்கும். நம்பி சொன்னான். கிறுக்கி, நாந்தான் கேக்கல.

ஆனா கடைசியா ஒண்ணு சொன்னாவ பாரு. "பிச்சிப்பூ கட்டிக் கொண்டாந்திருக்கேன் மதினி. அன்னைக்கு வைக்க முடியல. இன்னைக்கு என் கையால வச்சு விடுதேன்"னாவ.

சரின்னுட்டேம்மா! வாய் பாட்டுக்கு சரின்னு சொல்லிருச்சு! தலை இந்தா இருக்கு, தண்ணி சொட்டிக்கிட்டு! அவிய பூவ எடுத்துக்கிட்டு வந்து நிப்பாவ, நான் இந்த மொட்டையக் காட்டுவேன். ரெண்டாந்தரமும் வேண்டாம்னு சொன்ன மாதிரில்லா ஆயிரும்! முருகா, ஒனக்கு வேற நாளே கெடைக்கலையா?

பாளையங்கோட்டை வந்துட்டு. எறங்கணும். ஏம்மா, ஒன் தலையில நாலு ஸ்லைடு இருக்கு. ஒண்ணு எனக்குத் தா. எதுல குத்தவா? முந்தானையில குத்துதேன், காதுல மாட்டுதேன், அது எம்பாடு. மதினி பூவ நீட்டும்போது ஸ்லைடு இல்லன்னு ஒரு சாக்கு வந்துரக் கூடாது. நான் நேரா அவியகிட்டப் போயி குனிஞ்சு நிக்கப் போறேன். முடி போனா என்ன, குனியதுக்குத் தலை இருக்குல்லா.

கண்டக்டரே, மொட்டை எறங்குது, பைய நிப்பாட்டும்!